மாடுகளின் க்ஷயரோகமும் தடுப்பு ஊசியும்

மாடுகளுக்கு உண்டாகும் க்ஷயரோகம் வெகுகாலம் வெளிக்குத் தெரியாமல் உடலில் மறைந்திருக்கும். நோயுள்ள மாட்டின் மூச்சினால் அடுத்த மாட்டுக்கும், காய்ச்சாத பாலினால் மனிதருக்கும் அது பரவும்.

பிரான்ஸ் தேசத்து லீல் நகரில் கால்மெட், கெரேன் என்னும் இரு அறிஞர்கள் 1908-ம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். மாட்டு க்ஷயக் கிருமியை, பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கின்மேல் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமையைப் போக்கினர். அதுவே பி.ஸி.ஜி. மருந்து. 1921 முதல் அது குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டு வருகிறது. மாட்டுக் கிருமியினின்று பிறந்த இம்மருந்தை மாடுகளுக்குப் பொதுவாய் வழங்காதிருப்பதேன்?

நோயைக் கண்டறிய டியூபர்குலின் என்னும் மருந்தை மாட்டின் தோலில் குத்துவர். நோயிருப்பின் அவ்விடம் தடிக்கும். பி.ஸி.ஜி. போட்ட மாட்டுக்கும் அவ்வாறே தடிக்கக்கூடும். இங்கிலாந்தில் இச்சோதனையில் நோயுள்ளதெனக் கண்ட மாட்டைக் கொல்லவேண்டுமென்பது சட்டம். ஆதலால் காப்பதற்குப் போட்ட ஊசியே நல்ல பசுவுக்கு யமனாய் முடியும்.

இச்சிக்கல் இப்போது அவிழ்ந்து வருகிறது. பி.ஸி.ஜி. கிருமி இழந்துவிட்ட புரதங்களைக் கொண்டு புதிய தோல் சோதனை வகுக்கப்பட்டிருக்கிறது. அதில் மெய்யாகவே நோய் பற்றிய மாட்டுக்குத்தான் தடிப்பு உண்டாகும். எத்தியோப்பியாவில் நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஊசி போட்டும் நோய் கண்ட மாடுகள் பிறவற்றுக்கு அதைப் பரப்பும் வேகம் 74 சதவிகிதம் குறைந்தது.

எனினும் இவ்வூசி நோயை முற்றும் தடுப்பதன்று. வந்த நோயைத் தீர்ப்பதுமன்று. பாலைக் காய்ச்சிப் பருகுதலையும், புதிதாய் வாங்கிய மாட்டைச் சோதிக்கும்வரை தனியே கட்டுதலையும் குடியானவர்கள் கைவிடலாகாது.