அட்டையில் வளைவு அமைத்தல்

மாணாக்கர் அட்டையில் கோயில் மாதிரி செய்யும்போது, வளைந்த கூரையே பெரும்பாலும் முறிகின்றது. இது கைத்திறனின் குறையன்று. அட்டையின் இயல்பை அறியாமையே காரணம்.

மரத்தைப் போல அட்டைக்கும் இழையோட்டம் உண்டு. இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எளிதில் இணங்கும் திசை புலனாகும். அத்திசையிலேயே வளைத்தல் வேண்டும். அட்டை தடித்ததாயின், வளைவின் வெளிப்புறத்தில் நெருக்கமான இணைகோடுகளை ஆழமின்றிக் கீறிக்கொள்க.

ஆனால் எவ்வட்டையும் ஒரே சமயத்தில் இரு திசைகளில் வளையாது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் குடைந்த மாமல்லபுரத்து ரதங்களைக் கொண்டு இதனை விளக்கலாம். பீம ரதத்தின் வண்டிக்கூடு போன்ற கூரைக்கு ஓர் அட்டையே போதும். தருமராஜ ரதத்தின் எண்பட்டைச் சிகரத்திற்கோ, நுனி குறுகிய எட்டுத் துண்டுகளைத் தனித்தனியே வளைத்து ஓரம் பொருந்த ஒட்டுதல் வேண்டும்.

இவ்விரண்டையும் செய்து முடித்த மாணாக்கன், உருளை வேறு, கோளம் வேறு என்பதை விரலாலேயே கற்றவனாவான்.