உயரம் மாற்றத்தக்க தொங்கலமைப்பு

உயரம் மாற்றத்தக்க தொங்கலமைப்பு என்பது தானுந்தின் தரை இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் சஸ்பென்ஷன் வகையாகும். காயில் ஓவர் எனவும் இது அழைக்கப்படுகிறது. இதில் மரையிடப்பட்ட ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள்வில் அமைந்திருக்கும். தானுந்தைத் தாழ்த்தினால் அதன் ஈர்ப்பு மையம் இறங்குவதால், வளைவுகளில் வெளிச்சக்கரங்களுக்கு இடம்பெயரும் பளு குறைகிறது. விளையாட்டுத் தானுந்துகள் தாழ்வாக இருப்பது இதனாலேயே.

எளிய வகையில் வில்லைத் தாங்கும் வளையம் கீழ்நோக்கித் திருகப்படுகிறது. முன்சக்கரங்களில் பரவலாகக் காணப்படும் மாக்பெர்சன் அமைப்பில், தானுந்து 30 மிமீ இறங்கினால் ஷாக்கின் தண்டும் ஏறத்தாழ அதே அளவு உள்ளே சென்றுவிடும். அமுங்குவதற்கு 70 மிமீ நகர்வு இருந்திருந்தால் 40 மிமீ மட்டுமே எஞ்சும். மற்றொரு வகையில் கீழ்த்தாங்கி தனித்துண்டாக உள்ளது. ஷாக்கின் உடலை அதனுள் திருகி மொத்த நீளத்தைக் குறைக்கலாம். வில்லின் முன்னழுத்தமும் தண்டின் நகர்வும் மாறா. ஆயினும் சக்கரம் மட்கார்டை நெருங்கிவிடும். விளம்பரங்கள் இதைச் சொல்ல மறப்பதுண்டு.

நகர்வின் தேவை மலைப்பாதைகளில் நன்கு புலப்படும். சேலத்திலிருந்து சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறங்கும்போது பிரேக் பிடித்தபடியே திரும்பினால், வெளிப்பக்க முன்சக்கரத்தின் மீது பளு குவிகிறது. அந்நிலையில் நகர்வு தீர்ந்து தண்டு ரப்பர் தடுப்பில் முட்டினால், சக்கரம் சாலையின் மேடுபள்ளங்களுக்கேற்ப அசைய இயலாது. டயர் பிடிமானத்தை இழந்து, தானுந்து திரும்பாமல் வளைவின் வெளிப்புறம் நோக்கி நழுவும்.

எஞ்சிய நகர்வை அறிய, தண்டில் இறுக்கமான ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஷாக் அமுங்கும்போது அதன் உடல் வளையத்தை மேலே தள்ளிவிடும். வளையம் நின்ற இடத்திற்கும் ரப்பர் தடுப்பிற்கும் உள்ள தொலைவே மீதமுள்ள நகர்வாகும்.