பத்தோடு பதினொன்று

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு விண்டோஸ் 10ஐ மைக்ரோசொஃப்ட் கைகழுவிவிட்டது. திரை முழுக்க வந்து நின்ற அறிவித்தலைப் பார்த்துப் பயந்தவர்கள், பசறையில் நான் வைத்திருக்கும் திருத்துகிற கடைக்கு லெப்டொப்பைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு இன்னும் வருகிறார்கள். “அக்கா, இனிமே இது ஓன் ஆகாதாமே, உண்மையா?” ஓன் ஆகும். அடுத்த வருஷமும் ஆகும். கடிதம் அடிக்கலாம், படம் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் நின்றிருக்கிறது.

அது நின்றால் என்ன குடிமுழுகிவிடும் என்பவர்களுக்கு 2017 மே மாதத்தைச் சொல்வேன். வன்னக்ரை என்ற வைரஸ் உலகம் பூராவும் கொம்பியூட்டர்களில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கக் காசு கேட்டது. இங்கிலாந்தின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள், அதிலும் பெரும்பங்கு விண்டோஸ் 7 வைத்திருந்தவர்கள். பத்துக்கும் பதினொன்றுக்கும் உள்ளே பல பாகங்கள் ஒன்றுதான். பதினொன்றில் ஓர் ஓட்டையை அடைக்கிறபோது அது எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. பத்தில் அதே ஓட்டை இருந்தால், அடைக்க ஆளில்லாமல் திறந்தே கிடக்கும்.

“வைரஸ் கார்ட் போட்டிருக்கேனே?” போட்டிருக்கிறீர்கள், நல்லது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்குப் புதிய வைரஸ்களின் அடையாளங்கள் 2028 ஒக்டோபர் வரை வரும். ஆனால் அது உள்ளே வந்தவனைப் பிடிக்கும் வேலை, ஓட்டையை அது அடைக்காது.

அப்படியானால் எல்லோரும் மாறிவிட வேண்டியதுதானா? நான் அப்படிச் சொல்வதில்லை. மெஷின் என்ன வேலை செய்கிறது, இன்டர்நெட்டுக்குப் போகிறதா என்று கேட்காமல் யாருக்கும் பதில் சொல்வதே இல்லை.

நமுனுகுலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஒபிஸில் செக்ரோல் போடுகிற கொம்பியூட்டர் ஒன்று இருக்கிறது. யார் முழுப்பேர், யார் அரைப்பேர், எத்தனை கிலோ கொழுந்து, கூடுதல் கிலோவுக்கு எவ்வளவு, சங்கச் சந்தா, தீபாவளி அட்வான்ஸ், ஈபிஎஃப் 8 வீதம் என்று அத்தனையையும் கழித்துக் கூட்டிச் சம்பளச் சீட்டு அடிப்பது அதுதான். டொஸ் காலத்தில் யாரோ எழுதிக்கொடுத்த மென்பொருள், 32 பிட் விண்டோஸ் 7, கரகரவென்று சத்தம் போடுகிற டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர். எழுதியவர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறாரோ.

“பிள்ளை, இதையும் புதுசாக்கிப் போடச் சொல்லி துரை சொல்றாரு” என்றார் பெரிய கிளாக்கர்.

“வேணாங்க ஐயா. பதினொன்னு போட்டா இந்த மாசம் யாருக்கும் சம்பளச் சீட்டு வராது.”

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. விண்டோஸ் 11 வருவது 64 பிட்டில் மட்டும், டொஸ் காலத்து 16 பிட் மென்பொருள்கள் அதில் நேரடியாக ஓடவே ஓடாது. அந்த மெஷினின் நெட்வேர்க் வயரைக் கழற்றினேன், டொங்கிளை எடுத்துவிட்டேன், ஈமெயிலுக்கும் பேங்க் வேலைக்கும் வேறொரு புது மெஷின் வாங்கச் சொன்னேன். வெளியே இருந்து வருகிற பென் டிரைவ் எதையும் செக்ரோல் மெஷினில் குத்தக்கூடாது. மாதமுடிவில் இரண்டு கொப்பி எடுத்து, ஒன்றை ஒபிஸிலும் மற்றதைத் தோட்டத்துக்கு வெளியே ஓர் இடத்திலும் வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே அலுமாரியில் வைப்பதா என்று யோசிக்கவே வேண்டாம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் இறங்கி லயங்களை மூடியதைக் கண்ட மாவட்டத்தில் இருக்கிறோம். செக்ரோல் மென்பொருளை ஒருநாள் புதிதாக எழுதத்தான் வேண்டும். ஆனால் அது கம்பனி பணம் ஒதுக்கிச் செய்யவேண்டிய வேலை, ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் சிடி போட்டு முடிக்கிற வேலையில்லை.

ஆசிரியர்களுடைய லெப்டொப் வேறு கதை. பேங்க் கணக்கு, பரீட்சைப் பேப்பர், பிள்ளைகளின் புள்ளி, சூம் வகுப்பு எல்லாம் ஒரே பெட்டிக்குள். இதைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது. முதலில் பார்க்க வேண்டியது புரொசசரின் எண். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் எபவுட். ஐ5-8250யூ என்றிருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 8தான் தலைமுறை, பதினொன்று ஏற்கும். ஐ5-7200யூ என்றிருந்தால் ஏழு, ஏற்காது. இன்டெலில் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் அனுமதி, அது 2017இன் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தது. 10, 11, 12 என்று இரண்டு இலக்கத்தில் தொடங்கினால் கவலையே வேண்டாம். வெளிநாட்டுக் கம்பனிகள் கழித்துவிட்டவற்றைத்தான் நம்மில் பலர் செக்கன்ட் ஹேண்டாக வாங்கியிருக்கிறோம், அதில் ஆறும் ஏழும்தான் அதிகம்.

புரொசசர் சரியாக இருந்தும் “டிபிஎம் 2.0 இல்லை” என்று வந்தால் புது மெஷினுக்கு ஓடாதீர்கள். டிபிஎம் என்பது இரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் பகுதி. பல மெஷின்களில் அது இருந்தும் பயோஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும், திருப்பிவிட்டால் போதும்.

ஏழாம் தலைமுறைக்காரர்கள் என்ன செய்வது? விண்டோஸ் 10க்கு ஒரு வருட நீட்டிப்பு கொடுத்தார்கள், 2026 ஒக்டோபர் 13 வரை. 30 டொலர், நம் காசில் 9,000 ரூபாய்க்குக் கிட்ட. மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பெக்கப் பண்ண விட்டால் காசும் இல்லை. புது மெஷினுக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு அது போதுமான மூச்சுவிடும் நேரம். இதை எடுக்காமல், தடையைத் தாண்டிப் பதினொன்றைப் போட்டுக்கொடுக்கும் வழியும் இருக்கிறது, பதுளை டவுனில் கேட்டால் சிரித்துக்கொண்டே செய்வார்கள். விளையாட்டுக்கு என்றால் நானும் செய்வேன். பேங்க் வேலை பார்க்கிற மெஷினில் மாட்டேன். அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே இத்தனை பாடு?

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. பதினொன்றைப் புதிதாகப் போடும்போது மைக்ரோசொஃப்ட் கணக்கு கேட்கும். தோட்டத்துப் பக்கம் நிறையப் பேருக்கு ஈமெயில் என்றால் போனில் யாரோ திறந்துவிட்ட ஒன்று, பாஸ்வேர்டும் அந்த யாரோவுக்குத்தான் தெரியும். கடைத் தம்பி அவசரத்தில் தன்னுடைய ஈமெயிலையே போட்டுக் கொடுத்துவிடுவான். மெஷின் அழகாக ஓடும். ஆனால் 2024க்குப் பின் வந்த பதினொன்றில், அப்படிக் கணக்கோடு புதிதாகப் போட்டால் பல மெஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. திறக்கும் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்குக்குள் இருக்கிறது. ஒருநாள் மதர்போர்ட் போய்விட்டால், அல்லது பயோஸில் யாராவது கைவைத்தால், நீல நிறத்தில் சாவி கேட்கும் திரை வந்து நிற்கும். சாவி இல்லையென்றால் கொழும்புக்குக் கொண்டுபோனாலும் கல்யாணப் படங்கள் திரும்பி வராது. என் கடையில், சொந்தக் கணக்கைத் தங்கள் கையாலேயே திறக்க வைத்து, சாவியைக் கடதாசியில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, அதைப் பிறப்புச் சான்றிதழ் வைக்கிற இடத்தில் வையுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். இதற்கு நேரம் எடுக்கிறது, வாசலில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

இனிச் சில்லறைக் கேள்விகள். பாமினி வேலை செய்யுமா என்று கேட்காத டைப்பிங் கடைக்காரர் இல்லை. செய்யும். அது வெறும் எழுத்துரு, கோப்பைக் கொப்பி பண்ணிப் போட்டால் பழைய கேள்வித்தாள் எல்லாம் அப்படியே திறக்கும். விண்டோஸ் 10 ஒறிஜினல் என்றால் பதினொன்றுக்குக் காசில்லை. கிரெக் பண்ணியது என்றால் அதை முதலில் யோசியுங்கள்: முதல் வேலையாக வைரஸ் கார்டை நிறுத்தச் சொன்ன ஒன்றை உள்ளே விட்டுவிட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். டவுன்லோட் 5 ஜிபிக்கு மேல் போகும், பகல் டேட்டாவைக் கரைக்காமல் இரவு டேட்டாவில் விடுங்கள். கரண்ட் போகிற நாளில் தொடங்க வேண்டாம். மாறிய பிறகு பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றையும் உடனே ஓட்டிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் தவணை.

பதினொன்று போட்டால் வேகம் கூடும் என்பது பச்சைப் பொய். 4 ஜிபி ரேமும் பழைய சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷினில் அது தவழும். அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுங்கள், பத்தே பறக்கும்.

இன்டர்நெட் தேவைப்படுகிற, பதினொன்றை ஏற்காத, நீட்டிப்பும் முடிந்துபோன மெஷினுக்கு நான் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். காசில்லை, பழைய மெஷினிலும் ஓடும், அப்டேட் வரும், வட்ஸ்அப்பும் யூடியூப்பும் பிரவுசரில் திறக்கும், பாமினியும் அதில் வரும். பெரியவர்கள் இரண்டு நாளைக்கு முகத்தைச் சுளிப்பார்கள், பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. சில பிரிண்டர்களுக்கு மட்டும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

புதிதாக, அதாவது பழையதைப் புதிதாக, வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பதுளையிலோ பண்டாரவளையிலோ “விண்டோஸ் 11 போட்டுத்தான் இருக்கு” என்று சொல்லித் திரையைக் காட்டுவார்கள். திரையைப் பார்க்காதீர்கள், எபவுட்டைத் திறந்து எண்ணைப் பாருங்கள். நான்கிலோ ஆறிலோ தொடங்கினால் அது தடையைத் தாண்டிப் போட்டது. அதற்கேற்ற விலைக்குக் கேளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.