தழும்பு சொல்லாத விவரம்

"கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் ஏன் விசேஷம் இல்ல?"

கர்ப்பப்பைக் கட்டி (ஃபைப்ராய்டு) ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையோரம் இருக்கும் தாமல் மாதிரி ஊர்களில் மாமியாரில் தொடங்கி பக்கத்து வீட்டு அத்தை வரை இதைக் கேட்டுவிடுவார்கள். கர்ப்பப்பைச் சுவரை வெட்டிக் கட்டியை எடுத்திருந்தால், தையல் ஆற மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்கச் சொல்வது வழக்கம். ஆழமான வெட்டு என்றால் இன்னும் கூடும்.

கட்டி எங்கே இருந்தது என்பதும் முக்கியம். கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருந்த கட்டியை எடுத்தால் கரு தங்கும் வாய்ப்பு கூடலாம். வெளிப்புறமாக வளர்ந்தது பெரும்பாலும் கருவைத் தடுப்பதே இல்லை; குழந்தைக்காக என்று மட்டும் அதை எடுப்பதில் பலன் குறைவு. சுவருக்குள் புதைந்த கட்டியைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் ஓயவில்லை.

கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைக் காப்பாற்றலாம் என்று பிடிவாதமாக நின்றவர்களில் முக்கியமானவர் லண்டன் மருத்துவர் விக்டர் பான்னி. அவருடைய மனைவி ஆனிக்கு இளவயதிலேயே கட்டிகளால் பெரும்பாடு, கடும் ரத்தசோகை. கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தம்பதிக்குக் குழந்தை இல்லை. பிறகு பான்னி நூற்றுக்கணக்கான பெண்களுக்குக் கட்டியை மட்டும் நீக்கினார். அறுவையின்போது ரத்தக்குழாயை நெரித்துப் பிடிக்க அவர் வடிவமைத்த கிளாம்ப் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. 1946-ல் இந்த அறுவையின் நுணுக்கங்களைத் தனி நூலாகவே எழுதினார்.

நம் நாட்டில் கதை வேறு. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்ட வழக்கில், அதைத் தடுப்பதற்கான நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட வேண்டியிருந்தது. "ரெண்டு பிள்ளை ஆச்சே, இனி எதுக்கு அது?" என்ற பேச்சு நம் பக்கத்திலும் சகஜம். கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

சரி, கரு தங்கிவிட்டது. கிராம சுகாதார செவிலியர் வருகிறார். முதல் குழந்தையா? ஆமாம். முன்னே சிசேரியன் உண்டா? இல்லை. பதில் இரண்டுமே உண்மைதான். ஆனால் கர்ப்பப்பையில் ஒரு தையல் இருப்பது அட்டையில் ஏறவில்லை. லாப்ரோஸ்கோப்பியில் செய்திருந்தால் வயிற்றில் சின்னச் சின்னத் தழும்புகள்தான். பார்ப்பவர்கள் குடல்வால் ஆபரேஷன் என்றே நினைப்பார்கள்.

அந்தத் தையல் விட்டுப்போவது அபூர்வம். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் விட்டால் தாய்க்கும் குழந்தைக்கும் நிமிடக் கணக்கு. வலி எடுக்கும் முன்பே, கடைசி மாதங்களில்கூட அது நேரலாம். அதனால்தான் ஆழமாக வெட்டியிருந்தாலோ உள்ளறை திறக்கப்பட்டிருந்தாலோ 37, 38 வாரத்திலேயே சிசேரியன் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வெளிப்புறக் கட்டியை மட்டும் எடுத்தவர்களும், யோனி வழியாகக் கருவி செலுத்தி உள்ளறைக் கட்டியை எடுத்தவர்களும் பெரும்பாலும் சுகப்பிரசவத்துக்கு முயலலாம்.

எந்தப் பெண் எந்த வகை? வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்கேனும் உறுதியாகச் சொல்லாது. அறுவை செய்தவர் எழுதிய ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கிறது: எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது, உள்ளறை திறந்ததா, எத்தனை அடுக்குத் தையல். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் பல சமயம் 'கட்டி அகற்றப்பட்டது' என்று ஒரே வரிதான். ஆகவே ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் பதியும்போதே செவிலியரிடம் காட்டித் தாய்சேய் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். நள்ளிரவில் 108 வந்து காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ கொண்டுபோனால், அங்கே இருக்கும் டியூட்டி டாக்டர் உங்களை முன்பின் பார்த்தவர் இல்லை.

தாள் தொலைந்துவிட்டதா? ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில், உள்நோயாளி எண்ணையும் ஆண்டையும் சொல்லி எழுதிக் கேளுங்கள். எண் நினைவில்லை என்றால் சேர்ந்த தேதி தெரிந்தாலும் தேடலாம். கிடைத்ததும் கணவர் போனிலும் அம்மா வீட்டு போனிலும் படம் எடுத்து வைத்துவிடுங்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் எப்படியும் அங்கேதான் போவாள்.

(தொடரும்)