பிள்ளை காட்டும் ஊர்

மகனோ மகளோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஓராண்டு கழிந்ததும், விடுமுறைக்குப் பிள்ளை இங்கு வருவதா, பெற்றோர் அங்குச் செல்வதா என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் முன்பு கல்விக்கடனுக்காக எங்களை நாடிய பெற்றோர், பின்னர் தம் பயணத்துக்கான அந்நியச் செலாவணி கேட்டு மீண்டும் வருகின்றனர். திருமலை வரிசையில் தாம் விரல் பிடித்து அழைத்துச் சென்ற பிள்ளை, இப்போது அயல்நாட்டுச் சுரங்க ரயிலில் தம்மை அழைத்துச் செல்லப்போவதைச் சொல்கையில் அவர்களது முகம் மலர்கிறது. அந்த மகிழ்ச்சி பிள்ளைக்குச் சுமையாகிவிடாமல் பயணத்தைத் திட்டமிடுவது எவ்வாறு என்பதை இங்குக் காண்போம்.

விடுமுறையின் விலை

விடுமுறை, மாணவருக்கு ஓய்வுக்காலம் மட்டுமன்று. பொருளீட்டும் காலமும் அதுவே. ஆஸ்திரேலியாவில் பாடம் நடக்கும் நாட்களில் மாணவர் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம்; விடுமுறையில் அவ்வரம்பு இல்லை. அமெரிக்காவிலும் கல்லூரி வளாகப் பணிக்கு வாரம் 20 மணி நேரம் என்ற வரம்பு விடுமுறையில் தளர்கிறது. அந்நாட்களில் பெறும் ஊதியம் அடுத்த பருவத்தின் வாடகைக்கோ உணவுக்கோ உதவும். பெற்றோருடன் ஊர்சுற்றும் மூன்று வாரங்களில் அவ்வருவாயைப் பிள்ளை இழக்கிறது. பெரும்பாலும் அதை வெளியே சொல்வதில்லை. ஆகவே, பயண நாட்களை முடிவு செய்யுமுன், “உனக்கு எந்த வாரங்களில் வேலை இல்லை?” என்று கேட்டறிதல் நன்று. பெற்றோர் அங்கே தங்கும் நாட்கள் அனைத்திலும் பிள்ளை உடனிருக்க வேண்டும் என்பதும் இல்லை.

காலத் தேர்வில் நம் ஊர்ச் சூழலும் கணக்கில் வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மே முதல் ஆகஸ்டு வரை நீண்ட விடுமுறை. ஆனால் சித்தூர் மாந்தோப்புக்காரர்களுக்கு அதுவே தோத்தாபுரி அறுவடையும் கூழ் ஆலைகளுக்குக் காய் அனுப்பும் வேலையும் நெருக்கும் காலம். அவர்களுக்கு டிசம்பர் இடைவேளை பொருத்தமாகலாம். அப்போது அங்குக் குளிர் கடுமையாக இருக்கும்; பயணச்சீட்டின் விலையும் உயரும். ஆஸ்திரேலியாவில் டிசம்பர், ஜனவரி மாதங்கள் கோடைக்காலம். நீண்ட விடுமுறையும் அப்போதுதான்.

செலவை யார் ஏற்பது?

பெற்றோரின் பயணச் செலவைப் பெற்றோரே ஏற்பதுதான் முறை என்பது எங்கள் கருத்து. கல்விக்கடனிலிருந்து வாழ்க்கைச் செலவுக்கென அனுப்பிய பணம் விருந்தோம்பலில் கரைந்தால், பருவத்தின் இறுதியில் பிள்ளை திண்டாட நேரும். பெரும்பாலான கல்விக்கடன்களில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்குவதில்லை. வட்டியோ முதல் நாளிலிருந்தே சேர்கிறது. எனவே இப்பயணத்துக்காகத் தனிநபர் கடன் வாங்குவதைவிட, பிள்ளை புறப்பட்ட மாதத்திலேயே ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கிவிடலாம். பணம் சேர்ந்தபின் செல்லும் பயணத்தில் மனம் இலேசாக இருக்கும்.

ரிசர்வ் வங்கி 2004-இல் அறிமுகப்படுத்திய தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் அல்லது அங்குச் செலவிடலாம். கல்விக்காக அனுப்பும் பணமும் பயணத்துக்காகப் பெறும் செலாவணியும் இவ்வரம்புக்குள் அடங்கும். இத்தொகை ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைக் கடந்தால் வரிப் பிடித்தம் உண்டு. வருமான வரி விவரம் தாக்கல் செய்கையில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம். தகுதியுள்ள நிதி நிறுவனத்தின் கல்விக்கடனிலிருந்து நேரடியாக அனுப்பும் தொகைக்கு இப்பிடித்தம் இல்லை. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை வாங்குவோர்க்கு 10 லட்ச ரூபாய் வரம்பு பொருந்தாது. முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம் உண்டு.

கையில் கொண்டு செல்வன

பெரும்பாலான நாடுகளுக்குச் செல்லும்போது ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரையே ரொக்கமாக எடுத்துச் செல்லலாம். எஞ்சியதை ஃபாரெக்ஸ் அட்டையில் ஏற்றிக்கொள்வது பாதுகாப்பு. அங்குள்ள கடைகளில் அட்டையைத் தேய்க்கும்போது, “ரூபாயில் செலுத்துகிறீர்களா?” என்று இயந்திரம் கேட்டால், அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், ரூபாயில் செலுத்தினால் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே அமையும்.

மருத்துவக் காப்பீடு இன்றிப் புறப்பட வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். ஷெங்கன் நாடுகளின் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள காப்பீடு கட்டாயம்.

லட்டும் ஊறுகாயும் இல்லாமல் பிள்ளையைப் பார்க்கப் போக மனம் வராது என்பதை அறிவோம். எனினும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பால் கலந்த இனிப்புகளையும் கடுமையாகச் சோதிக்கின்றன. விதிகளை முன்பே பார்த்து, கொண்டு செல்லும் உணவை வருகைப் படிவத்தில் தவறாது குறிப்பிடுங்கள்.

செலவின்றிக் காணும் சிறப்புகள்

பிள்ளை காட்ட வேண்டிய இடங்கள் அனைத்தும் விலையுயர்ந்தவை அல்ல. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிலையான காட்சிகளுக்குக் கட்டணமில்லை. ஆந்திர மண்ணின் அமராவதித் தூபியிலிருந்து சென்ற சிற்பங்கள் அங்குத் தனிக்கூடத்தில் உள்ளன. அவற்றின் மறுபகுதியைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்டவர்க்கு அது மறக்க இயலாத சந்திப்பாகும். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

திருப்பதிப் பெற்றோர்க்கு மற்றொரு வியப்பும் காத்திருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1976-இல் வேங்கடேசுவரர் கோயில் எழுந்தது. சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்கிலும் இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகிலும் அதே பெருமாளுக்குக் கோயில்கள் உள்ளன. தனியே வாழும் பிள்ளை பண்டிகை நாட்களில் எங்கே செல்கிறது, யாருடன் அமர்ந்து உண்கிறது என்பதை அங்கே கண்ணால் காணலாம்.

உண்மையில் பெற்றோர் காண விழைவதும் இவற்றைத்தான்: பிள்ளை உறங்கும் அறை, படிக்கும் நூலகம், காய்கறி வாங்கும் கடை, பேருந்துக்கு நிற்கும் இடம். அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு தொலைபேசியில் “நன்றாக இருக்கிறேன்” என்று பிள்ளை சொல்லும்போது அதன் பொருள் விளங்கும். அதற்குப் பத்து நகரங்களைச் சுற்ற வேண்டியதில்லை. பிள்ளையின் ஊரில் பத்து நாட்கள் அமைதியாகத் தங்கினாலே போதும்.

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னரே பான் அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றுடன் எங்கள் கிளைக்கு வாருங்கள். கணக்கை நாம் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். ஊரைப் பிள்ளை காட்டட்டும்.