சுருக்கிய பாட்டும் நம் செவியும்

எங்கள் பாட்டி பாடிய தாலாட்டு ஒன்று ஒலிநாடாவில் பதிவாகிப் பல ஆண்டுகள் வீட்டில் இருந்தது. துணைக்கருவி எதுவும் இல்லை. பாட்டியின் குரல், தொட்டிலை ஆட்டும் கையில் குலுங்கும் கண்ணாடி வளையல், அவ்வளவுதான். 2004-ஆம் ஆண்டில் அந்த நாடாவைக் கணிப்பொறியில் ஏற்றினேன். அப்போது என்னிடம் இருந்த கையடக்க இசைக்கருவியின் நினைவகம் 128 மெகாபைட் மட்டுமே. இடம் மிச்சமாகட்டும் என்று பாட்டை வினாடிக்கு 32 கிலோபிட் என்ற அளவுக்குச் சுருக்கினேன். கணிப்பொறியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த முதல் பதிவை அழித்தும் விட்டேன். சில மழைக்காலங்களுக்குப் பின் நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டது. இன்று எஞ்சியிருப்பது அந்தச் சுருக்கிய கோப்பு ஒன்றே. பாட்டியின் குரல் அடையாளம் தெரிகிறது. ஆனால் வளையல் ஒலி, யாரோ தண்ணீருக்குள் கூழாங்கற்களை அலசுவதுபோல் கேட்கிறது.

இயற்பியல் கற்பிக்கும் நானே இந்தத் தவற்றைச் செய்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அண்மையில் எதிர்வீட்டு மாணவன் ஒருவன், பழைய கைப்பேசி ஒன்றை இசைக்கருவியாக்கி வைத்துக்கொண்டு, “சார், பாட்டுகளை 128-இல் போடலாமா, 320-இல் போடலாமா?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன விடையையே சற்று விரிவாக உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒலி எண்ணாகும் விதம்

ஒலி என்பது காற்றில் ஏற்படும் அழுத்த மாற்றம் என்று படித்திருக்கிறீர்கள். ஒலிவாங்கி அதை மின்னழுத்த மாற்றமாக்குகிறது. அந்த மின்னழுத்தத்தைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து எண்களாக எழுதி வைப்பதே இலக்கமுறைப் பதிவு. ஒவ்வோர் அளவீட்டையும் ‘மாதிரி’ என்பர். நோயாளியின் காய்ச்சலை மணிக்கொரு முறை அளந்து வரைபடம் போடுவதைப் போன்றதுதான் இதுவும்.

எத்தனை முறை அளந்தால் போதும்? ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கும் அதிகமான முறை அளந்தால், அந்த அலையைப் பிறகு பிழையின்றி மீட்டுவிடலாம். இந்த விதியோடு நைக்விஸ்ட், ஷானன் ஆகிய இரு அறிஞர்களின் பெயர்கள் இணைந்துள்ளன. மனிதச் செவி சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே வினாடிக்கு 40,000-க்குச் சற்று அதிகமான மாதிரிகள் வேண்டும். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் இந்த எண் 44,100 ஆகும். ஒவ்வொரு மாதிரியையும் 16 பிட்டுகளில் எழுதுவர். அதாவது 65,536 படிகள் கொண்ட அளவுகோலால் அளப்பர். இடச்செவிக்கும் வலச்செவிக்கும் தனித்தனிப் பதிவு உண்டு.

இப்போது ஒரு சிறு கணக்கு:

44,100 × 16 × 2 = 14,11,200 பிட்டுகள்.

ஒரு வினாடி இசைக்கு இத்தனை பிட்டுகள்! இதையே பிட் வீதம் என்கிறோம். ஆயிரம் பிட் ஒரு கிலோபிட் ஆதலால், குறுந்தகட்டின் பிட் வீதம் சுமார் 1,411 கிலோபிட். எட்டுப் பிட்டுகள் ஒரு பைட். ஆகவே ஐந்து நிமிடப் பாட்டு ஏறத்தாழ 53 மெகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

1998-இல் விற்பனைக்கு வந்த முதல் கையடக்க எம்பி3 கருவிகளின் நினைவகம் 32 மெகாபைட். அதில் இந்தப் பாட்டு ஒன்றுகூட முழுதாக அடங்காது. ஆனால் அக்கருவிகளில் மக்கள் அரை மணி நேரத்துக்கும் மேலாகப் பாட்டுக் கேட்டனர். எப்படி?

செவி கேளாத ஒலி

திருவிழாவில் தவில் முழங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் நண்பர் ஏதோ முணுமுணுக்கிறார். உங்களுக்குக் கேட்குமா? அவர் குரல் காற்றில் வந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் செவிப்பறையையும் தொடுகிறது. ஆயினும் கேட்பதில்லை. வலிய ஒலி மெல்லிய ஒலியை மறைத்துவிடுகிறது. இதற்கு மறைப்பு விளைவு என்று பெயர்.

இதற்குக் காரணம் உட்செவியில் உள்ளது. நத்தைக் கூட்டைப் போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவினுள் ஒரு மெல்லிய சவ்வு நீண்டு கிடக்கிறது. ஒவ்வோர் அதிர்வெண்ணும் அச்சவ்வில் ஒவ்வோர் இடத்தை அதிகமாக அசைக்கும். உரத்த 1,000 ஹெர்ட்ஸ் ஒலி தன் இடத்தைச் சுற்றிலும் பலமாக அசைத்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த இடத்துக்குரிய மெல்லிய 1,100 ஹெர்ட்ஸ் ஒலி தனியாகத் தெரியாது. ஆனால் தொலைவில் உள்ள 5,000 ஹெர்ட்ஸ் ஒலி எளிதில் தப்பிவிடும். வலிய ஒலி நின்ற பிறகும் நொடிப்பொழுதில் சிறு பகுதிவரை மறைப்பு நீடிக்கும்.

செவி கேளாததை எழுதி வைப்பானேன்? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் எம்பி3.

எம்பி3 செய்யும் வேலை

எம்பி3 உருவானதில் ஜெர்மனியிலுள்ள எர்லாங்கன் நகருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்குள்ள பல்கலைக்கழகமும் ஃப்ராவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் 1980-களில் இந்த ஆராய்ச்சியில் ஈடுபட்டன. கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் அதில் முன்னணியில் நின்றவர். 1993-இல் இம்முறை பன்னாட்டுத் தரமாக வெளியாயிற்று.

எம்பி3 முறையில் இசை சிறு சிறு கட்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கட்டில் 1,152 மாதிரிகள், அதாவது வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு அளவுள்ள இசை இருக்கும். அதில் எந்தெந்த அதிர்வெண்கள் எவ்வளவு வலிமையோடு உள்ளன என்று கணக்கிடப்படும். பிறகு மறைப்பு விளைவின்படி எங்கே நுணுக்கம் தேவை, எங்கே தேவையில்லை என்று தீர்மானிக்கப்படும். தேவையில்லாத இடத்தில் எண்கள் தோராயமாக எழுதப்படும். 99 ரூபாய் 63 காசை 100 ரூபாய் என்று எழுதுவதைப் போல! அவ்வாறு எழுதுவதால் ஏற்படும் பிழை, ஒலிக்கும்போது இரைச்சலாக வெளிப்படும். அந்த இரைச்சலை வலிய ஒலியின் நிழலில் மறைத்து வைப்பதே எம்பி3-இன் திறமை.

128 கிலோபிட் வீதத்தில் ஒரு கட்டுக்குக் கிடைப்பவை சுமார் 3,344 பிட்டுகள். குறுந்தகட்டில் அதே கட்டுக்கு 36,864 பிட்டுகள் இருந்தன. பதினொரு ரூபாய்ச் செலவை ஒரு ரூபாயில் முடிப்பதற்குச் சமம்!

வீதத்தை மேலும் குறைத்தால் என்ன ஆகும்? பிட்டுகள் போதாமல், இரைச்சல் நிழலை விட்டு வெளியே வந்துவிடும். உயர்ந்த அதிர்வெண்கள் அடியோடு வெட்டப்படும். ஜால்ரா, வளையல், சலங்கை போன்ற கூர்மையான ஒலிகள்தாம் முதலில் பாதிக்கப்படுகின்றன. அவை திடீரென்று தோன்றுபவை. பல அதிர்வெண்கள் கலந்தவை. ஒரு கட்டின் நடுவில் ஜால்ரா அடித்தால், தோராயத்தால் வந்த இரைச்சல் கட்டு முழுவதும் பரவி, தட்டும் ஒலிக்கு முன்பாகவே மெல்லக் கேட்கத் தொடங்கும்.

தனிக்குரலும் எளிதன்று. சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி துணைக்கருவி இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்ற பாட்டு, தொடக்க காலச் சுருக்க முறையில் மிக மோசமாக ஒலித்தது. பிராண்டன்பர்க் அப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தம் முறையைச் சீர்செய்தார். பிழையை மறைக்கப் பக்கத்தில் வேறு கருவி இல்லை அல்லவா? என் பாட்டியின் தாலாட்டும் அத்தகையதே. குரலும் வளையலும் மட்டுமே உள்ள ஒலிப்பதிவை நான் 32 கிலோபிட்டில் அடைத்தேன்!

இழப்பில்லாச் சுருக்கம்

ஒன்றையும் இழக்காமல் சுருக்க வழி இல்லையா? உண்டு. ‘ஃபிளாக்’ என்ற வடிவம் அத்தகையது. 2001-இல் இதன் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

1000, 1010, 1020, 1031 என்ற மாதிரிகளைப் பாருங்கள். முதல் இரண்டும் தெரிந்தால் மூன்றாவது 1020 என்று ஊகிக்கலாம். ஊகத்தின் பிழை 0. நான்காவது 1030 என்று ஊகிப்போம், உண்மை 1031, பிழை 1. பெரிய எண்களுக்குப் பதிலாக 0, 1 என்னும் சிறிய பிழைகளை எழுதி வைத்தால் போதும். திரும்பக் கூட்டினால் பழைய எண்கள் அப்படியே கிடைக்கும். இம்முறையில் பெரும்பாலான இசைக்கோப்புகள் ஏறத்தாழப் பாதி அளவுக்குச் சுருங்கும். எம்பி3 அளவுக்குச் சுருங்காது. ஆனால் ஒரு பிட்கூட மாறாது.

சிலர் 128 கிலோபிட் எம்பி3 கோப்பை 320 கிலோபிட்டாகவோ ஃபிளாக்காகவோ மாற்றி, தரம் உயர்ந்துவிட்டதாக மகிழ்கின்றனர். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கோப்பு பெருக்கும், போன ஒலி வராது. எம்பி3-ஐ மீண்டும் எம்பி3 ஆக்கினாலோ, பழைய தோராயத்தின்மேல் புதிய தோராயம் ஏறி, ஒலி மேலும் கெடும்.

உங்கள் செவியைச் சோதியுங்கள்

எந்த வீதம் போதும் என்பதைப் பிறர் சொல்லி நம்ப வேண்டாம். வயது ஏற ஏற உயர் அதிர்வெண்களைக் கேட்கும் ஆற்றல் குறையும். நாற்பதைக் கடந்த என் செவியைவிட உங்கள் செவி கூர்மையானது. ஆகவே நீங்களே சோதித்துப் பாருங்கள்.

ஒரு குறுந்தகட்டிலிருந்தோ ஃபிளாக் கோப்பிலிருந்தோ ஜால்ராவும் குரலும் நன்கு கேட்கும் அரை நிமிடப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளின் துணையால் அதை 64, 128, 192, 320 கிலோபிட் எம்பி3 கோப்புகளாக மாற்றுங்கள். முதலில் மூலத்தையும் ஒரு சுருக்கத்தையும் தெரிந்தே கேளுங்கள். பிறகு திரையைப் பாராமல் திரும்பி உட்காருங்கள். நண்பர் நாணயத்தைச் சுண்டட்டும். தலை விழுந்தால் மூலம், பூ விழுந்தால் சுருக்கம். எது என்று நீங்கள் சொல்ல, அவர் குறித்துக்கொள்ளட்டும். ஒலியளவை மாற்றக் கூடாது. இவ்வாறு பத்து முறை செய்யுங்கள்.

வெறும் ஊகத்திலேயே ஐந்து சரியாக வரக்கூடும். ஆகவே ஐந்து, ஆறு வந்தால் உங்களுக்கு வேறுபாடு தெரிந்ததாகக் கொள்ள முடியாது. ஊகத்தால் ஒன்பதோ பத்தோ சரியாக வரும் நிகழ்தகவு 1,024-இல் 11, அதாவது நூற்றில் ஒன்று போல. அத்தனை சரியாகச் சொன்னால் உங்கள் செவி உண்மையிலேயே வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிட்டது எனலாம். 64-இல் பலரும் எளிதாக வெல்வர். 192-க்கு மேல் செல்லச் செல்ல, “எனக்கு நன்றாகத் தெரியும்” என்று சவால் விட்டவர்களும் தடுமாறுவதைக் காண்பீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

16 ஜிகாபைட் நினைவகத்தில் ஐந்து நிமிடப் பாட்டுகள் எத்தனை அடங்கும் என்று பார்ப்போம். சுருக்காமல் வைத்தால் சுமார் 300. 320 கிலோபிட்டில் 1,333. 128 கிலோபிட்டில் 3,333.

பாடம், சொற்பொழிவு போன்ற பேச்சுகளுக்கு 64 கிலோபிட் போதும். பேருந்து இரைச்சலில் கேட்கும் இசைக்கு 128 போதும். பேருந்தின் இரைச்சலே ஒரு மறைப்பு அல்லவா? அமைதியான அறையில் நல்ல செவிபேசியில் கேட்க 192 முதல் 256 வரை வைத்துக்கொள்ளலாம். கட்டுக்குக் கட்டுத் தேவைக்கேற்பப் பிட்டுகளை ஒதுக்கும் ‘மாறும் வீதம்’ என்ற வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். 1997-இல் வந்த ஏஏசி, 2012-இல் வந்த ஓப்பஸ் ஆகிய வடிவங்கள் குறைந்த வீதங்களில் எம்பி3-ஐவிடத் தெளிவாக ஒலிக்கும். உங்கள் கருவி அவற்றை இசைக்குமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எம்பி3 ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் இசைக்கும்.

எதிர்வீட்டு மாணவனுக்கு நான் சொன்னதும் இதுவே: “சோதித்துப் பார், எந்த வீதத்தில் உனக்கு வேறுபாடு தெரியவில்லையோ, அதுவே உன் வீதம்.” சோதித்தபின் அவன் 192-ஐத் தேர்ந்தெடுத்தான்.

ஆனால் கேட்பதற்கு வைப்பது வேறு, காப்பதற்கு வைப்பது வேறு. கடையில் கிடைக்கும் பாட்டை எவ்வளவு சுருக்கினாலும் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரல் எந்தக் கடையிலும் கிடைக்காது. பழைய ஒலிநாடா வீட்டில் இருந்தால், பூஞ்சை முந்திக்கொள்ளும் முன் கணிப்பொறியில் ஏற்றுங்கள். அதை ஃபிளாக் வடிவில் இரண்டு இடங்களில் சேமியுங்கள். கையில் எடுத்துச்செல்ல அதிலிருந்து ஒரு சிறு படியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்திலிருந்து எத்தனை படிகளை வேண்டுமானாலும் பிறகு எடுக்கலாம். படியிலிருந்து மூலத்தை எடுக்க எந்த இயற்பியலாலும் இயலாது.

எங்கள் வீட்டுத் தாலாட்டு இப்போதும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதில் பாட்டி பாடுகிறார். வளையல்தான் இல்லை.