உறக்க நோயும் உறங்காத தேடலும்

தொழுவத்தில் ஈ மொய்ப்பதையும், அந்தி சாய்ந்ததும் வீட்டுக்குள் கொசு புகுவதையும் நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. கையை வீசி விரட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். ஆயினும் வெப்ப நாடுகளின் வரலாற்றை ஊன்றிப் படிப்போமாயின், பகைவர் படையைப் போலவே பூச்சிப் படையும் ஊர் ஊராகக் குடிகளை அழித்திருப்பதைக் காண்போம். மலேரியாவையும் யானைக்கால் நோயையும் நாம் நன்கு அறிவோம். அவற்றைப் போலவே பூச்சியால் பரவி, மனிதனையும் அவனது மாட்டையும் ஒருசேர வருத்தும் நோய் ஒன்று ஆப்பிரிக்காவில் உண்டு. மனிதரிடத்தில் அதற்கு உறக்க நோய் என்று பெயர். மாடுகளிடத்தில் நகானா என்று பெயர்.

நூறாண்டுகளுக்கும் மேலாக இந்நோயோடு நடந்துவரும் போராட்டம் நமக்கு ஓர் உண்மையைப் புகட்டுகிறது. நோயாளி நம்மிடம் வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். நோயை நாம்தான் தேடிச் செல்ல வேண்டும். வீட்டுக்குள் மட்டுமல்ல, தொழுவத்திலும் தேட வேண்டும்.

நோயும் அதைச் சுமக்கும் ஈயும்

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, ஏறக்குறைய ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில் செட்சி ஈ வாழ்கிறது. கொசுக்களில் பெண் மட்டுமே இரத்தம் குடிக்கும். செட்சியிலோ ஆணும் பெண்ணும் இரத்தத்தையே உணவாகக் கொள்கின்றன. நோயுற்ற உடலில் குடித்த இரத்தத்தோடு டிரிப்பனோசோமா என்னும் நுண்ணுயிர் ஈயின் வயிற்றை அடைகிறது; அங்கே வளர்ந்து பெருகி, பின்னர் அடுத்த கடியின்போது வேறோர் உடலுக்குள் நுழைகிறது.

முதலில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், தலைவலி, மூட்டுவலி, அரிப்பு ஆகியவை தோன்றும். கழுத்தின் பின்புறம் நெறி கட்டும். மாதங்களோ ஆண்டுகளோ சென்றபின் கிருமி மூளையைப் பற்றும். அப்போது நோயாளி பகலெல்லாம் உறங்குவான், இரவில் விழித்திருப்பான். சாந்தமாயிருந்தவன் சினம் கொள்வான். பெற்ற தாயையே மறப்பான். சிகிச்சை இல்லையேல், பெரும்பாலும் மீளாத உறக்கமே முடிவாகும். 1900ஆம் ஆண்டையொட்டி உகாண்டாவில், விக்டோரியா ஏரிக்கரையில் பரவிய கொள்ளைநோயில் மாண்டவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்று கணக்கிடுகின்றனர். எஞ்சியோரை ஏரிக்கரையிலிருந்தே அப்புறப்படுத்தியது அன்றைய ஆங்கிலேய அரசு.

மாட்டிலிருந்து பிறந்த அறிவு

இந்நோயின் மர்மம் முதலில் மருத்துவமனையில் விளங்கவில்லை. மாட்டுக் கொட்டிலிலேயே விளங்கியது. தென்னாப்பிரிக்காவின் சூலுலாந்தில் நகானாவால் மாடுகள் மெலிந்து மடிந்துகொண்டிருந்தன. அதை ஆராயுமாறு 1894ஆம் ஆண்டு அனுப்பப்பட்டவர் இராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ். அவருடைய மனைவி மேரியும் உடன் சென்று ஆய்வுக்கூடப் பணியில் தோள் கொடுத்தார். நோயுற்ற மாட்டின் இரத்தத்தில் நெளியும் டிரிப்பனோசோமாவை நுண்ணோக்கியில் கண்டார் புரூஸ். அதைப் பரப்புவது செட்சி ஈ என்பதையும் மெய்ப்பித்தார். காட்டு விலங்குகள் தமக்கு யாதொரு தீங்குமின்றி அதே கிருமியைச் சுமந்து திரிகின்றன என்பதையும் எடுத்துக்காட்டினார்.

சில ஆண்டுகளில் இந்த அறிவு மனிதனுக்குக் கைகொடுத்தது. உகாண்டாவில் உறக்க நோயாளிகளின் தண்டுவட நீரில் இதே இனக் கிருமியை ஆல்டோ காஸ்டெலானி கண்டார். 1903இல் அங்குச் சென்ற புரூஸ், காஸ்டெலானியின் கண்டுபிடிப்பை உறுதி செய்து, இங்கும் செட்சியே குற்றவாளி என்று காட்டினார். மாட்டு நோயை ஆராய்ந்திராவிடில், மனித நோயின் வழி அவ்வளவு விரைவில் புலப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

கண்டறிவது ஏன் கடினம்?

உறக்க நோயில் இருவகை உண்டு. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் ரொடீசியன்ஸ் வகை சில வாரங்களிலேயே முற்றிவிடும். அது காட்டு விலங்குகளிலும் மாடுகளிலும் பெரும்பாலும் பதுங்கியிருக்கும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் காம்பியன்ஸ் வகையோ, ஆண்டுக்கணக்கில் வெளித்தெரியாமல் மனித உடலில் தங்கியிருக்கும். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இவ்வகையினரே. நலமாக நடமாடுகிறவர் ஊருக்கே நோய் வழங்குகிறவராக இருக்கக்கூடும்.

மேலும் இக்கிருமி சட்டை மாற்றும் திருடனைப் போன்றது. அதன் மேல் போர்த்திய புரத உறையை இனங்கண்டு நம் உடல் தாக்கத் தொடங்கும்போது, சில கிருமிகள் வேறோர் உறையை அணிந்துகொள்ளும். பழைய அடையாளத்தை வைத்துத் தேடும் காவலர் ஏமாறுவர். தடுப்பூசி இன்றுவரை கிடைக்காமைக்கு இதுவே தலையாய காரணம்.

இரத்தத்தில் கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால், ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்ப்பது மட்டும் போதாது. 1978இல் பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் நகர ஆய்வாளர்கள் எளியதோர் அட்டைச் சோதனையை வகுத்தனர். அட்டையில் ஒரு துளி இரத்தத்தோடு மருந்துக் கரைசலைக் கலந்து ஐந்து நிமிடம் சுழற்றினால், நோய் எதிர்ப்பொருள் உள்ள இரத்தத்தில் நீலத் துகள்கள் திரளும். மின்சாரம் எட்டாத சிற்றூரிலும் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோரைச் சலித்தெடுக்க இது உதவியது. திரளல் கண்டவர்களை மட்டும் பிரித்து, அவர்களது நெறிக்கட்டியின் நீரிலும் இரத்தத்திலும் கிருமியைத் தேடுவர்.

மாடுகளுக்கும் நல்லதொரு முறை உண்டு. மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை எடுத்து வேகமாகச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். அவற்றின் மேலே வெள்ளணுக்கள் மெல்லிய படலமாக நிற்கும். அந்தப் படலத்தின் அருகே கிருமிகள் கூடி நெளிவதைக் காணலாம். சிவப்பணுக்கள் எவ்வளவு குறைந்துள்ளன என்பதையும் அதே குழாயில் அளந்துவிடலாம். இரத்தசோகையே நகானாவின் முதன்மையான அடையாளமாகையால் ஒரே சோதனையில் இரு பயன்.

ஜாமோவின் நடமாடும் குழு

நோயைத் தேடிச் செல்வது எப்படி என்பதை உலகுக்குக் காட்டியவர் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் யூஜின் ஜாமோ. 1920களில் அவர் கேமரூன் நாட்டில் நடமாடும் குழுக்களை அமைத்தார். நுண்ணோக்கிகளைச் சுமந்துகொண்டு காட்டுப் பாதைகளில் அக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. ஒருவர் பெயரைப் பதிவு செய்வார். ஒருவர் கழுத்தைத் தடவிப் பார்ப்பார். ஒருவர் ஊசியால் நெறிக்கட்டியின் நீரை எடுப்பார். ஒருவர் நுண்ணோக்கியில் பார்ப்பார். நோய் கண்டவர்க்கு அங்கேயே சிகிச்சை தொடங்கும். ஊரில் பாதிப்பேருக்கு மேல் நோயுற்றிருந்த இடங்களும் உண்டு.

இப்பணியிலும் கறை படியாமலில்லை. பாஃபியா என்னும் பகுதியில் ஓர் இளம் மருத்துவர் ஆர்சனிக் கலந்த மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்ததால் பல நூறு பேர் கண்ணொளி இழந்தனர். அப்பழியைச் சுமந்து ஜாமோ பதவியிழந்தார். நல்ல நோக்கத்தோடு செய்யும் பணியானாலும் ஏழையின் உடலில் கைவைக்கும்போது எத்துணை விழிப்பு வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி நீங்காத எச்சரிக்கையாகும்.

தேடல் நின்றது, நோய் திரும்பியது

ஜாமோ வகுத்த முறை மெல்ல மெல்லப் பலன் தந்தது. 1960களில் ஆப்பிரிக்கா முழுவதிலும் ஆண்டுக்கு 5,000க்கும் குறைவான நோயாளிகளே பதிவாயினர். நோய் ஒழிந்தது என்று எண்ணினர். குழுக்கள் கலைந்தன, பணம் வேறு செலவுகளுக்குப் போயிற்று, உள்நாட்டுப் போர்கள் மூண்டன. தேடுவார் இல்லாத ஊர்களில் நோய் ஓசையின்றி வளர்ந்தது. 1998இல் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ 40,000 பேர். கண்டறியப்படாதவர் மூன்று லட்சம் பேர் இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

எண்ணிக்கை குறைந்ததனால் தேடலை நிறுத்தினர். தேடலை நிறுத்தியதனால் எண்ணிக்கை மீண்டும் கூடியது. இதைவிடத் தெளிவான பாடம் வேறெது வேண்டும்?

சந்தை வழியே வந்த நோய்

அதே 1998ஆம் ஆண்டின் இறுதியில் உகாண்டாவின் சொரோட்டி மாவட்டத்தில், அதுவரை காணப்படாத உறக்க நோய் திடீரெனத் தலைகாட்டியது. ஆராய்ந்தபோது, நோயாளிகளின் வீடுகள் ஒரு மாட்டுச் சந்தையைச் சூழ்ந்திருந்தது தெரியவந்தது. கலகங்களிலும் கொள்ளைகளிலும் மாடுகளை இழந்த மக்கள், நோயுள்ள தென்கிழக்குப் பகுதியிலிருந்து மாடுகளை வாங்கிவந்தனர். பார்வைக்கு நலமாயிருந்த அம்மாடுகளின் இரத்தத்தில் ரொடீசியன்ஸ் கிருமியும் கூடவே வந்தது. ஏரை இழுக்க வாங்கிய மாடே எமனையும் அழைத்துவந்தது.

இங்கும் கண்டறிவதில் ஒரு சிக்கல் எழுந்தது. மாட்டில் மட்டும் வாழும் கிருமியையும், மனிதனைக் கொல்லும் கிருமியையும் நுண்ணோக்கியில் பிரித்தறிய இயலாது. மனித இரத்தத்தில் உள்ள ஒரு காப்புப் பொருள் முதல் வகையை அழித்துவிடும். ரொடீசியன்ஸ் வகையோ அதை எதிர்த்து நிற்கும் தனி மரபணு ஒன்றைப் பெற்றிருக்கிறது. அந்த மரபணுவையே அடையாளமாகக் கொண்டு, எந்த மாட்டின் இரத்தம் மனிதனுக்கு ஆபத்தானது என்று காணும் வழி 2001இல் பிறந்தது.

உகாண்டாவின் வடமேற்கில் காம்பியன்ஸ் வகை ஏற்கெனவே இருந்தது. அன்று இருவகைக்கும் மருந்து வேறு வேறு. இரண்டும் ஒரே ஊரில் கலந்துவிட்டால், எதற்கு எம்மருந்து என்று மருத்துவர் திகைக்க நேரிடும். ஆகவே 2006இல் ஓர் இயக்கம் தொடங்கியது. மக்கரேரே பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ மாணவர்களும் ஊர்களுக்குச் சென்றனர். மாடுகளுக்கு ஊசி போட்டுக் கிருமியை அகற்றினர். ஈ அதிகம் கடிக்கும் கால்களிலும் வயிற்றடியிலும் பூச்சிமருந்து தெளித்தனர். மருந்து பூசிய மாடே ஈக்குப் பொறியாயிற்று. மனிதனைக் காக்க மாட்டுக்கு மருத்துவம் செய்தனர். மாடும் பிழைத்தது, மனிதனும் பிழைத்தான்.

ஈயை வெல்லும் வழிகள்

ஈக்கு உணவாகும் வனவிலங்குகளைக் கொன்றால் ஈ ஒழியும் என்று எண்ணி, ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் லட்சக்கணக்கான விலங்குகளைச் சுட்டுத் தள்ளினர். அந்தக் கொடிய வழி இன்று கைவிடப்பட்டது. ஈயின் இயல்பையே அதற்கு எதிராகத் திருப்பும் வழிகள் இப்போது உள்ளன.

நூற்றுக்கணக்கில் முட்டையிடும் கொசுவைப் போன்றதன்று செட்சி. அது ஒன்பது பத்து நாட்களுக்கு ஒருமுறை ஒரே ஒரு புழுவை ஈனும். ஆகவே நாள்தோறும் சில ஈக்களைப் பிடித்துவந்தாலே அதன் இனம் தேயும். நீலமும் கருமையும் அதைக் கவரும். 1910களின் தொடக்கத்தில் பிரின்சிப்பி என்னும் தீவின் தோட்டத் தொழிலாளர், பசை பூசிய கறுப்புத் துணியை முதுகில் அணிந்து நடந்தே ஈக்களைப் பிடித்தனர். 1914க்குள் தீவில் ஈ ஒழிந்தது. இன்று உகாண்டாவின் ஆற்றோரங்களில், பூச்சிமருந்து தோய்ந்த சிறு நீலத் துணிகளும் கறுப்பு வலைகளும் அதே வேலையைச் செய்கின்றன. சான்சிபாரின் உங்குஜா தீவிலோ, கதிர்வீச்சினால் மலடாக்கிய ஆண் ஈக்கள் 1994 முதல் 80 லட்சத்துக்கும் மேலாக வானூர்தியிலிருந்து விடப்பட்டன. செட்சியின் பெண் பெரும்பாலும் ஒருமுறையே கூடுமாதலால், மலட்டு ஆணோடு கூடியது மகவின்றி மாயும். 1997இல் அத்தீவு செட்சியற்றதாயிற்று.

நஞ்சிலிருந்து மாத்திரைக்கு

1949 முதல் மூளையைப் பற்றிய நோய்க்குப் பயன்பட்ட மெலார்சோப்ரால், ஆர்சனிக் நஞ்சு கலந்தது. அதைப் பெற்ற நூறு பேரில் ஏறக்குறைய ஐவர் அம்மருந்தாலேயே மாண்டனர். தண்டுவடத்தில் ஊசி குத்தி நோயின் நிலையை அறிந்த பின்னரே அதைத் தர முடியும். 2009இல் பாதுகாப்பான இரட்டை மருந்துச் சிகிச்சை வந்தது. 2019 முதல் காம்பியன்ஸ் வகைக்கு ஃபெக்சினிடசோல் என்னும் மாத்திரை பரிந்துரைக்கப்பட்டது; பத்து நாள் உணவோடு விழுங்கினால் போதும். பலருக்குத் தண்டுவட ஊசியும் தேவைப்படுவதில்லை.

2018 முதல் ஆண்டுதோறும் பதிவாகும் நோயாளிகள் ஆயிரத்துக்கும் குறைவே. அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் காங்கோ ஜனநாயகக் குடியரசினர். பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து காம்பியன்ஸ் நோயை அகற்றியமைக்காக டோகோ 2020இலும், உகாண்டா 2022இலும், சாட் 2024இலும், கினி 2025இலும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றன.

நமக்கும் ஒரு செய்தி

செட்சி ஈ நம் நாட்டில் இல்லை. ஆனால் அதே கிருமிக் குடும்பம் உண்டு. அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், குதிரைகளையும் ஒட்டகங்களையும் கொன்ற சர்ரா நோயின் கிருமியை 1880இல் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தார். இரத்தம் குடிக்கும் மாட்டீக்கள் அதை இன்றும் பரப்புகின்றன. இக்கிருமி மனிதரைப் பற்றாது என்று நம்பியிருந்த வேளையில், 2004இல் மராட்டிய மாநில விவசாயி ஒருவரின் இரத்தத்தில் அது காணப்பட்டது. கிருமியை அழிக்கும் காப்புப் பொருள் அவரது இரத்தத்தில் பிறவியிலேயே செயலற்றிருந்தது என்பது பின்னர் விளங்கியது. தக்க மருந்தால் அவர் நலம் பெற்றார். காய்ச்சலுக்கு மாத்திரை தந்து அனுப்பிவிடாமல் அவரது இரத்தத்தைப் பார்த்தார்களே, அதுவே அவரைக் காத்தது.

ஆகவே மாடு விட்டுவிட்டுக் காய்ந்து மெலிந்து, வயிற்றடியில் நீர் கோத்து நின்றால், கண்ணேறு என்றும் காலக்கோளாறு என்றும் ஒதுக்காமல் கால்நடை மருத்துவரிடம் இரத்தச் சோதனைக்குக் காட்டுவோம். நம் வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் நீடித்தால் நாமே மருந்து வாங்கி விழுங்காமல் இரத்தத்தைச் சோதிப்போம். சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வரும்போது, இங்கு யாருக்கும் ஒன்றுமில்லை என்று வாசலிலேயே அனுப்பிவிடாதிருப்போம். ஒன்றுமில்லை என்று தோன்றும் இடத்திலேதான் இத்தகைய நோய்கள் காத்திருக்கின்றன.